நாலு முதல் ஏழு வரை இரைச்சல்

பிப்ரவரி 3

அன்புள்ள மனைவிக்கு,

நலம். நீயும் உன் அக்கா வீட்டில் நலமாக இருப்பதாகக் கொள்கிறேன். எட்டு மாதமாக மறுப்பு எதுவும் வரவில்லை.

ஒரு நல்ல செய்தி. இந்த மாதம் 22ஆம் தேதி நடக்கும் அமெச்சூர் ரேடியோ மாநாட்டில் கட்டுரை வாசிக்க என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தலைப்பு: 'வீட்டுத் தையல் மிஷினால் ரேடியோவில் எழும் இரைச்சல்'. மூன்று வருடமாக, தினமும் மாலை நாலு முதல் ஏழு வரை, என் ரிசீவரில் வண்டு குடைவதுபோல் ஒரு சத்தம் வந்ததும், அதை நான் ஐந்து நோட்டுகளில் குறித்துவைத்ததும் உனக்குத் தெரியும். நீ மிஷினோடு கிளம்பிய ஜூன் 14 அன்று சத்தம் நின்றது. பிறகு ஒரு நாள்கூட வரவில்லை. இதைவிடத் தெளிவான நிரூபணம் விஞ்ஞானத்தில் அபூர்வம். நோட்டுகளைப் புரட்டிய சங்கச் செயலாளர், "சார், இது எங்கேயோ போகவேண்டிய ஆராய்ச்சி" என்றார்.

ஆகவே மிஷினை இரண்டு நாளைக்குக் கொடுத்தனுப்பு. மேடையில் ஓட்டிக் காட்டினால் எடுப்பாக இருக்கும். நீயே கொண்டுவந்தாலும் சரி. குடும்பத்தினருக்குத் தனி நிகழ்ச்சி உண்டு: பூங்காவைச் சுற்றிக் காட்டுகிறார்கள்.

அன்புடன்,
உன் கணவன்


பிப்ரவரி 8

ரேடியோக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. அக்கா படித்துவிட்டு, "கூப்பிடறது உன்னையா, மிஷினையா?" என்று கேட்டாள். மிஷினை என்றேன். "அதான் இவ்வளவு மரியாதையா எழுதியிருக்கார்" என்றாள்.

நாலு முதல் ஏழு வரை மிஷினைத் தொடக்கூடாது என்று நீங்கள் சொன்ன பிறகு நான் தொடவில்லை. பின்னறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடச் சீருடைகளுக்குக் கையால் பட்டன் தைத்தேன். "நான் ஓட்டலைங்க" என்று எத்தனையோ முறை சொன்னேன். "மீட்டர் முள்ளு பொய் சொல்லாது" என்றீர்கள். அதோடு விட்டீர்களா? நம் வீட்டில் நடந்த சங்கக் கூட்டத்தில், டீத்தட்டோடு வந்த என்னை நோக்கி விரலை நீட்டி, "இரைச்சலுக்குக் காரணம் இதோ நிக்கிறாங்க. திருட்டுத்தனமா ஓட்டறாங்க" என்றீர்கள். முப்பது பேரும் சிரித்தார்கள். தட்டில் இன்னும் எட்டு கோப்பை இருந்ததால் என்னால் உள்ளே போகவும் முடியவில்லை. மறுநாள்தான் ஜூன் 14.

இங்கே அத்தான் தினமும் மாலை ரேடியோ கேட்கிறார். அதே அறையில் நான் மிஷின் ஓட்டுகிறேன். செய்தி வாசிப்பவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. ஆனால் என் மேஜை விளக்கைப் போட்டால் வண்டு குடைகிறது. போன வாரம்தான் அதைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தேன்; அன்றே கண்டுபிடித்தோம். சத்தம் தொடங்கிய வருடம் நம் கல்யாண நாளுக்கு நீங்கள் பரிசாகத் தந்த விளக்கு. சோப்பு டப்பாவுக்குள் நீங்களே செய்து வைத்த அடாப்டர். கிளம்பும்போது மிஷினோடு அதையும் எடுத்துவந்திருந்தேன்.

மிஷினுக்கு இங்கே வேலை இருக்கிறது. விளக்கை அனுப்புகிறேன். மேடையில் போட்டுக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
தையல்காரி


பிப்ரவரி 14

அன்புள்ள மனைவிக்கு,

விளக்கு உடையாமல் வந்து சேர்ந்தது. போட்டேன்: வண்டு. அணைத்தேன்: அமைதி. பதினேழு முறை செய்து பார்த்தேன். பதினெட்டாவது முறையும் விளக்கு மனம் மாறவில்லை. அடாப்டரைத் திறந்தேன். இரைச்சலைத் தடுக்கும் செப்புக் கம்பிச் சுருள் ஒன்று உள்ளே இருந்திருக்க வேண்டும். இல்லை. பிறகு நினைவுக்கு வந்தது: அன்று கடையில் ஒரே ஒரு சுருள்தான் இருந்தது. அதை என் ரிசீவருக்கு வைத்துக்கொண்டேன்.

தொழில்நுட்ப ரீதியில் நீ சொன்னது சரி.

ஆனால் நடைமுறையில் ஒரு சிக்கல். மாநாட்டு மலர் அச்சாகிவிட்டது, முந்நூறு பிரதி. என் கட்டுரை 41ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. செயலாளர், "விடுங்க சார், மலரை யாரு படிக்கறா? மேடையில 'வீட்டு மின்சாதனங்கள்'னு பொதுவா சொல்லிட்டுப் போயிடுங்க" என்கிறார். பொதுவாகச் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. உன் அபிப்பிராயம் என்ன?

அன்புடன்,
உன் கணவன்


பிப்ரவரி 18

ரேடியோக்காரருக்கு,

அன்று சிரித்த முப்பது பேரும் மாநாட்டுக்கு வருவார்களா?

என்மேல் பழி போட்டபோது நீங்கள் பொதுவாகச் சொல்லவில்லை.

ரேடியோவில் ஒருவர் பேசி முடித்து 'ஓவர்' சொன்ன பிறகுதான் அடுத்தவர் பேசலாம் என்று கற்றுக்கொடுத்தவர் நீங்கள். பதினாறு வருடத்தில் வீட்டுக்குள் அந்த வார்த்தையை உங்கள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. நானே சொல்லிவிடுகிறேன். மேடையில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று தெரியும்வரை என்னிடமிருந்து கடிதம் வராது. அதைப் பொறுத்து, பிறகும் வராமல் போகலாம்.

ஓவர்.

தையல்காரி


பிப்ரவரி 24

அன்புள்ள மனைவிக்கு,

மாநாடு ஒன்றரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. உலகத்தின் எந்த மூலையோடும் பேசக்கூடிய நூற்றெண்பது பேர் கூடியிருந்த அரங்கில் மைக் வேலை செய்யவில்லை. எனக்குக் கொடுத்தது பன்னிரண்டு நிமிடம். அதில் நாலு நிமிடம் செயலாளர் என்னை அறிமுகப்படுத்தியதில் போயிற்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'வீட்டு மின்சாதனங்கள்' என்றுதான் ஆரம்பித்தேன். மூன்றாம் வரிசையிலிருந்து பேட்டரிக் கடைக்காரர், அன்று நம் வீட்டில் இரண்டு டீ குடித்தவர், "என்ன சார், வீட்ல மிஷினைத் தரமாட்டேன்னுட்டாங்களா?" என்றார். சிரித்தார்கள். அதே முப்பது பேர். விளக்கைப் போட்டேன். மேடையில் வைத்திருந்த என் ரிசீவரிலிருந்து வண்டு அரங்கம் முழுக்கக் குடைந்தது. "மிஷின் இல்ல. இந்த விளக்கு. அடாப்டர் நான் செஞ்சது. அவங்க ஓட்டவே இல்ல. சொன்னாங்க, நான்தான் நம்பலை" என்றேன்.

இந்த முறை நூற்றெண்பது பேரும் சிரித்தார்கள். பழக்கதோஷத்தால் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்: சிரிப்பு இருபத்திரண்டு விநாடி. கையில் டீத்தட்டு இருந்தால் அது இன்னும் நீளமாகத் தோன்றும் என்று நினைக்கிறேன்.

பிற்பகலில் எல்லோரும் பூங்காவுக்குப் போனார்கள். நான் உட்கார்ந்து முந்நூறு பிரதியிலும் பசை தடவித் திருத்தச் சீட்டு ஒட்டினேன். "'அடாப்டர்'னு போட்டாப் போதாதா சார்?" என்றார் செயலாளர். அடாப்டர் தன்னைத்தானே செய்துகொள்ளவில்லை என்றேன். ஒரு பிரதி இணைத்திருக்கிறேன். சீட்டில் உள்ளது:

'பிழை திருத்தம்: பக்கம் 41 முதல் 44 வரை, "தையல் மிஷின்" என்று வரும் இடங்களில் எல்லாம் "கட்டுரையாளர்" என்று வாசிக்கவும்.'

ஓவர்.

உன் கணவன்


மார்ச் 1

கட்டுரையாளருக்கு,

மலர் வந்தது. திருத்தத்தின்படி அக்கா உரக்க வாசித்தாள். 'கட்டுரையாளருக்கு வயது ஆக ஆகச் சத்தம் கூடும்.' 'மாதம் ஒருமுறை கட்டுரையாளரைத் தூசி தட்டி எண்ணெய் விட வேண்டும்.' 'கட்டுரையாளரை வீட்டிலிருந்து அகற்றினால் முழு அமைதி கிடைக்கும்.' அத்தான் சிரித்து முடிக்க உங்கள் இருபத்திரண்டு விநாடி போதவில்லை.

கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். 'அவசரப்பட்டு முடிவெடுக்காமல், கட்டுரையாளரை ஒரு நாள் மட்டும் அறையில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.'

ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தையல் கிடையாது. வாருங்கள். விளக்கைக் கொண்டுவாருங்கள். உங்கள் ரிசீவரில் இருக்கும் அந்தச் சுருளையும் கழற்றிக் கொண்டுவாருங்கள். நாலு மணிக்கு மேல் இங்கேயும் அறை இருட்டிவிடுகிறது.

ஓவர்.

தையல்காரி