கேமரா என்றால் அறை

12 ஆகஸ்ட் 1998, புதன்

ஸ்டுடியோவில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பழைய நெகட்டிவ் மூட்டையை, அதிலிருந்து வெள்ளி பிரித்தெடுக்கிறவருக்கு நாளை போடுவதாக இருந்தேன். இன்று மதியம் ஷகீலா வந்தாள். மதுரையில் சட்டம் படிக்கிற பெண். இறந்துபோன அவளுடைய அப்பாவின் படம் என்று வீட்டில் இருந்த ஒன்றும் மழையில் ஊறிப் போய்விட்டதாம்.

"நெகட்டிவ் இருக்குமாண்ணே?"

இருவரும் மூட்டையைப் பிரித்துத் தேடினோம். பேச்சுவாக்கில் சொன்னாள்: "கேமராங்கிறது லத்தீன் வார்த்தைண்ணே. அறைன்னு அர்த்தம். ஜட்ஜ் தன் அறையில வச்சு ரகசியமா விசாரிச்சா 'இன் கேமரா'ங்கிறோம். எங்க வீட்ல உருதுல அறையைக் 'கம்ரா'ன்னு சொல்வோம். அதுவும் போர்ச்சுக்கீசியர் கொண்டாந்த அதே வார்த்தைதான்."

என் கை அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வருடம் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அலைந்தது ஓர் அறையா? கல்யாணப் பெண்கள், பாஸ்போர்ட்டுக்கு வந்தவர்கள், அழுத பிள்ளைகள், ஊர் ஊராகச் செம்பட்டி வரைக்கும் போய் எத்தனை பேரை அதற்குள் கூப்பிட்டிருக்கிறேன்!

மூட்டையின் அடியில் ஒரு கவரில் அவள் அப்பா இருந்தார். டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். தலைமுடி வெள்ளையாக, முகம் கறுப்பாக. ஷகீலா வெகுநேரம் பார்த்தாள்.

"இம்புட்டு நாளும் இங்கனதான் இருந்திருக்காரு" என்றாள்.

அவள் போன பிறகு மூட்டையைக் கட்டிப் பழைய இடத்திலேயே வைத்தேன். நாளை வெள்ளிக்காரர் வருவார். உள்ளே ஆள் இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார். சிரிக்கட்டும்.