கேட்காமலே சொன்ன இரண்டு வார்த்தை

ஜூலை 1, செவ்வாய்

எங்கள் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை இன்று ஆஸ்பத்திரி வார்டிலேயே நடத்தினோம். தையல்கார போதகர் பத்து நாளாகக் கட்டிலில் கிடக்கிறார். வாரம் முழுவதும் தையல் மிஷின், ஞாயிறன்று அதே கடையில் பிரசங்கம். அதனால் அந்தப் பெயர். கும்பல் கடைக்குள் புகுந்து அடித்ததில் வலது கையில் மூன்று விரல்கள் நொறுங்கிவிட்டன. இடது காது கேட்கவில்லை. வேதாகமக் கல்லூரியில் என்னோடு படித்த நெட்டையர்தான் எங்களில் மூன்றாவது போதகர். அவர் கால்மாட்டில் நின்றார். இருந்த ஒரே ஸ்டூலை எனக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அடிபட்டவர்தான் எங்களை விசாரிக்கிறார். "வெளியில தனியாப் போகாதீங்க பாஸ்டர். மொதல்ல உங்க வீட்டுக்குத்தான் வந்தாங்களாமே?"

"வந்தாங்க. போயிட்டாங்க" என்றேன்.

ஜெபித்தோம். என்னால் கண்ணை மூட முடியவில்லை. மூடினால் என் கைதான் தெரிகிறது.

ஜூலை 2

எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

அவர் திரும்பும்வரை அவர் சபையை நானும் நெட்டையரும் மாறி மாறிப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. இன்று என் முறை. என் சபையைக் காலையில் முடித்துவிட்டு மத்தியானம் போனேன். நாற்பது பேர் வருகிற இடத்தில் பதினொரு பேர். போலீஸ் புகாரை வாங்கி வைத்துக்கொண்டு, தையல்கடையில் பாட்டு எதற்கு என்று கேட்டதாம்.

என்ன பிரசங்கித்தேன் என்று ஞாபகமில்லை. முடிந்ததும் அவர் மனைவி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். "நீங்க ரெண்டு பேரும் இல்லேன்னா நாங்க நடுத்தெருவுல நின்னிருப்போம் பாஸ்டர்" என்றார்.

சரி. எழுதித் தீர்க்கிறேன்.

அவர் அடிபட்ட அந்தச் சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டு வாசலில் ஆறு பேர் நின்றார்கள். உள்ளே மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒருவன் கேட்டான்: "இங்க இன்னொருத்தன் இருக்கானாமே, தையக்கடை வெச்சுக்கிட்டு ஜெபம் பண்றவன். எங்க?"

நான் கை நீட்டினேன். "தண்ணி டேங்குக்குப் பின்னாடி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பச்சை ஷட்டர்" என்றும் சொன்னேன்.

ஷட்டரைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. அதை ஏன் சொன்னேன்? சீக்கிரம் போகட்டும் என்றா? வழி தெரியாமல் என்னிடமே திரும்பி வந்துவிடக் கூடாது என்றா?

அவர்கள் போனதும் அவருக்கு ஒரு போன் செய்திருக்கலாம். கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"பொண்ணு உள்ள இருந்தாளேன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"அவளை இழுக்காதீங்க" என்றாள். "அவ இருந்ததால தெருவைச் சொன்னீங்க, சரி. ஷட்டர் கலரையும் அவளுக்காகவா சொன்னீங்க?"

மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு அவளே பேசினாள். "எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? போன விரல் என்னோடதா?"

ஜூலை 11

பச்சையாக எதைப் பார்த்தாலும் பார்வையை விலக்கிக்கொள்கிறேன். பஸ், குடை, எதிர்வீட்டுக்காரர் சட்டை. இன்று மகளின் நோட்டு அட்டையைத் திருப்பி வைத்தேன். "ஏம்ப்பா?" என்றாள்.

ஜூலை 15, செவ்வாய்

தையல்கார போதகரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூட்டத்துக்கு அவர் கடைக்குப் போனோம். நெட்டையர் டீ வாங்கி வரப் போனார். இதை விட்டால் எனக்கு வாய் வராது என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

அவர் தலையைச் சாய்த்து, "அந்தக் காது கேக்காது பாஸ்டர். இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க" என்றார்.

இடம் மாறி உட்கார்ந்து, எல்லாவற்றையும் இரண்டாவது முறை, இன்னும் சத்தமாகச் சொன்னேன். பச்சை ஷட்டர் வரைக்கும்.

நெடுநேரம் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அழுவார் என்றும் நினைத்தேன்.

"நல்லது. உங்க பாரத்தை எறக்கி வெச்சுட்டீங்க. இப்ப அது என் மடியில இருக்கு" என்றார். பிறகு, "கெளம்புங்க."

டீயோடு வந்த நெட்டையர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் டீ குடிக்காமலே வந்துவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

கூட்டத்துக்குப் போகவில்லை. சாயங்காலம் நெட்டையர் வந்தார். அவரிடமும் எல்லாம் சொன்னேன்.

"அவரு உன்னை வர வேணாம்னு சொல்லல. வான்னும் சொல்லல. உன் பேர் வந்தா கத்திரிக்கோலை எடுத்துக்கறாரு, அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இங்க பாரு. அந்த ஆறு பேர் என் வாசல்ல நின்னிருந்தா நான் பேப்பர்ல மேப்பே போட்டுக் குடுத்திருப்பேனோ என்னவோ. எனக்கு அந்தச் சோதனை வரல. நான் நல்லவன்னு அதுக்கு அர்த்தமில்ல." போகும்போது என் தோளைப் பிடித்து உலுக்கினார். "நீ சாப்பிட்டியா இல்லையா, அதைச் சொல்லு மொதல்ல."

ஜூலை 27, ஞாயிறு

எங்கள் ஜெபவீட்டுக் கதவில் புதுப் பூட்டு. கட்டடத்துக்காரர் எதிர்க் கடையில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்: "என் வாசலுக்கும் வந்து நின்னாங்க பாஸ்டர். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

அவரைக் கோபித்துக்கொள்ள நான் யார்?

தெருவிலேயே நின்று ஐந்து நிமிடம் ஜெபித்துவிட்டுக் கலைந்தோம். "அடுத்த வாரம் எங்க பாஸ்டர்?" என்று ஒரு அம்மா கேட்டார். கர்த்தர் வழி காட்டுவார் என்றேன். வழி காட்டுவது என்ற சொல்லே நாக்கில் கசந்தது.

ஜூலை 30, புதன்

தையல்கார போதகர் மனைவியிடமிருந்து போன். "ஊசியில நூல் கோக்கத் தெரியுமான்னு கேக்கச் சொன்னாரு. தெரிஞ்சா வரச் சொன்னாரு."

ஓடினேன் என்றே சொல்ல வேண்டும்.

பள்ளிச் சீருடை ஆர்டர் மலையாகக் கிடந்தது. இடது கையால் சாக்கட்டி பிடித்துக் கோணலாகக் குறி போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி வெட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பட்டன் வேலை. ஒரு மணி நேரம் தைத்தேன். பிறகு போதகர் என் கையிலிருந்த கால்சட்டையை வாங்கிப் பட்டனை இழுத்துப் பார்த்தார். கையோடு வந்துவிட்டது.

"இதைப் போட்டுக்கிட்டு எந்தப் பையனும் ஓடி வெளையாட முடியாது. ஒரு கையால இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுதான் நிக்கணும்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. தினம் காலையில மன்னிக்கறேன். மத்தியானம் கை வலிக்க ஆரம்பிச்சதும் திரும்ப எடுத்துக்கறேன். பிரசங்கத்துல எவ்வளவு சுலபமாச் சொல்லியிருக்கேன் இதை!" நூல்கண்டை என் பக்கம் உருட்டினார். "நாலு சுத்து சுத்துங்க. அப்பதான் நிக்கும்."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று மத்தியானம் தாண்டியும் தையல்கார போதகர் என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது, "உங்க ஜனங்களையும் ஞாயித்துக்கிழமை இங்கயே வரச் சொல்லுங்க. துணிமூட்டையை ஓரங்கட்டினா எடம் வந்துடும்" என்றார்.

"மறுபடியும் அவங்க வந்தா?"

"வருவாங்கதான். நீங்க வாசப்பக்கம் உக்காருங்க. எனக்கு ஒரு காதுதான்."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டு சபையும் சேர்ந்து முப்பத்தொரு பேர். தன் சபையை முடித்துவிட்டு வந்த நெட்டையர் உட்கார இடமில்லாமல் மிஷின்மேல் சாய்ந்து நின்றார். இரண்டாவது பாட்டின் நடுவில் வெளியிலிருந்து ஷட்டரைப் பலமாகத் தட்டினார்கள்.

பாட்டு நின்றது. என் மகள் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் எழுந்தேன். வாசலுக்கு நடந்தேன். பின்புறம் மாற்று வழி இல்லை என்பது தெரிந்துதான் நடந்தேன். திறந்து, வெளியே போய், எனக்குப் பின்னால் இழுத்து மூடினேன்.

ஒரே ஒரு ஆள். கையில் ரசீது.

"உள்ள என்ன சத்தம்?"

"ஆராதனை" என்றேன். "நாங்க கிறிஸ்தவங்க. நான் இவங்க போதகர்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதெல்லாம் இருக்கட்டும். என் பேண்ட் ரெடியா?"

"புதன்கிழமை வாங்க" என்றேன்.

உள்ளே போய் விஷயத்தைச் சொன்னதும் தையல்கார போதகர் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. விட்ட அடியிலிருந்து பாட்டை எடுத்தார்கள்.

நாளை காலை எட்டு மணிக்குக் கடைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அந்தப் பேண்ட்டுக்கு இன்னும் கால் ஓரம் மடித்து அடிக்கவில்லை.