சர்க்கரைத் தண்ணீரில் ஒரு தொப்புள்கொடி

பூசான்
அக்டோபர் 2, 2009

அன்புள்ள பாட்டிக்கு,

மி-ரானின் வணக்கம். உங்கள் கொள்ளுப்பேத்தி சோ-யுல் நன்றாகப் பால் குடிக்கிறாள். முழங்கை மடிப்பெல்லாம் சதை. "பிள்ளையோட தொப்புள்கொடி எங்கேடி?" என்று நீங்கள் கேட்க, நான் மழுப்ப, போனை வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம்.

இத்துடன் மாத்திரை அனுப்பியிருக்கிறேன். நம் ஜேஜு தீவுக் கடலில் முளைக்கும் கம்தே பாசியின் சாறு. எங்கள் ஆய்வகத்தில் அதைத்தான் ஆராய்கிறோம். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் ரத்தக்குழாயின் உள்தோல் செத்து உதிரும். உங்கள் கால்விரல் மரத்துப்போவது அதனால்தான். இந்தச் சாறு அதைத் தடுக்கிறது.

மறைக்க மனமில்லை பாட்டி. இந்தச் சோதனைக்குப் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி வேண்டும். சோ-யுலின் கொடியை நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதிலுள்ள ரத்தக்குழாய்ச் செல்களைத் தட்டில் வளர்த்துச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினோம். சுருண்டு செத்தன. கம்தே சாறு சேர்த்த தட்டில் பிழைத்துக் கிடந்தன. கொள்ளுப்பேத்தி உங்கள் காலுக்கு வைத்தியம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பேத்தி,
மி-ரான்


ஹாதோ, ஜேஜு
அக்டோபர் 11

மி-ரானுக்கு,

உன் கடிதம் படித்ததும், வாயிலிருந்த பார்லிக் கஞ்சியை முற்றத்தில் போய்த் துப்பினேன். இன்னும் வாய் கசக்கிறது.

பிரசவத்துக்கு முன்னால் உன்னைப் பார்க்க வந்தபோதே ஒரு சாண் கொடி கேட்டேன். உப்புப் போட்டு எடுத்து வை, மூணு பாதை கூடுகிற இடத்தில் வைத்து எரிக்க வேண்டும் என்றேன். சரி பாட்டி, கட்டாயம் என்றாய். பக்கத்தில் உன் மாமியார் பேரிக்காய் தின்றுகொண்டே, "அதெல்லாம் ஆஸ்பத்திரி குப்பைக்கூடைக்குப் போயிரும் சம்பந்தியம்மா" என்று சிரித்தாள். அவள் பல்லில் ஒட்டியிருந்த தோல்கூட எனக்கு மறக்கவில்லை. உன் அம்மாவுடையது எரிந்த இடம் எனக்குத் தெரியும். உன்னுடையதும் தெரியும், நான்தான் தீ வைத்தேன். எந்த ஊர் என்று கேட்டால் நம் தீவில் கொடி எரிந்த மண்ணைத்தானே சொல்கிறோம்? உன் மகள் எதைச் சொல்லுவாள்?

அவள் சதையைச் சர்க்கரைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சாகிறதா என்று உட்கார்ந்து பார்த்தாயாம். பெற்றவள் செய்கிற காரியமா? எறும்பைப் பாகில் முக்கி வேடிக்கை பார்க்கக்கூட எனக்கு மனசு வராது.

காப்பாற்றியது கம்தேயாம். அந்த நாற்றத்தில்தான் வளர்ந்தேன். ஜப்பான்காரன் நம்மை ஆண்ட காலத்தில் என் அம்மா மூச்சடக்கி முங்கி, அறுத்துக் கரையில் குவிப்பாள். வெயிலில் புழுத்து, காலடியில் சீழ் மாதிரி ஒழுகும். எரித்துச் சாம்பலாக்கி வெடிமருந்துக்குச் சரக்கு எடுக்க அதை வாங்க வந்த தரகன், ஈரம் என்று சொல்லிக் குவியலைக் காலால் எத்தினான். பழுப்புச் செருப்பு, இடது வாரில் முடிச்சு. அந்தச் சனியனையா, என் வீட்டுப் பிள்ளையின் சதையில் பரீட்சை பார்த்துவிட்டு, என்னை விழுங்கச் சொல்கிறாய்? மாத்திரையைப் பன்றித் தொட்டியில் கொட்டினேன். பன்றியே மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

தட்டில் மிச்சம் இருப்பதைக் கொண்டு வா. நான் எரித்துக்கொள்கிறேன். அதோடு இந்தப் பேச்சு முடிந்தது.

உன் பாட்டி


பூசான்
அக்டோபர் 20

அன்புள்ள பாட்டிக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மிச்சம் எதுவும் இல்லை. அந்தச் செல்கள் சில தடவை பெருகியதும் கிழடு தட்டிவிடும். வழக்கம்போல் மருந்து ஊற்றிக் கொன்று, குப்பைப் பெட்டியில் போட்டேன். நானேதான். கைப்பழக்கம் பாட்டி, யாருடையது என்று அந்த நேரம் தோன்றவே இல்லை. உங்கள் கடிதம் அதற்குப் பிறகு வந்தது.

அந்தப் பெட்டிகளை லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே ஆஸ்பத்திரிக் குப்பை எரிக்கும் உலைக்குக் கொண்டுபோவார்கள். கேட்டீர்களானால் சொல்ல வேண்டுமே என்று விலாசத்தைத் தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் சோ-யுலுக்கு நூறாம் நாள் விருந்து. என்னைத் திட்டவாவது வாருங்கள். நீங்கள் வராமல் மாவுப் பலகாரத்தை வெட்டமாட்டேன்.

மி-ரான்


ஹாதோ
நவம்பர் 15

மி-ரானுக்கு,

பூசானுக்கு வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை.

நீ எழுதிய விலாசத்தைக் காட்டியதும் டாக்ஸிக்காரன் மூக்கைச் சுளித்தான். பெரிய புகைபோக்கி. கம்தே அழுகின நாற்றமே தேவலை என்று இருந்தது. காவல்காரன் ஓடி வந்து மறித்தான்.

"என்ன பாட்டி, வழி மாறி வந்துட்டீங்களா?"

"கொள்ளுப்பேத்தி ஊரைப் பார்க்க வந்தேன்."

"இங்க ஊரு ஏது? இது ஆஸ்பத்திரி குப்பை எரிக்கிற இடம்."

"அதான் அவ ஊரு. கொஞ்சம் தள்ளு தம்பி."

பைத்தியம் என்று நினைத்திருப்பான், தள்ளி நின்றான். சுவரோரம் சோறு வைத்தேன், கள் ஊற்றினேன், அவள் பேரைச் சொன்னேன். யார் யாரோ துடைத்த பஞ்சு, எவனோ ஒருவனின் வெட்டின கால்விரல், எல்லாவற்றோடும் கலந்து கிடக்கிறது அவள் சாம்பல். திரும்பி வரும்போது கப்பலில் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். கடல் அன்றைக்கு அலையில்லாமல்தான் இருந்தது.

செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். அவள் வளர்ந்து என் ஊர் எது என்று கேட்டால், கூட்டிக்கொண்டு போய் அந்தச் சுவரைக் காட்டு. ஹாதோ என்று சொல்லி ஏமாற்றாதே.

விருந்துக்கு வரமாட்டேன். பலகாரம் காய்ந்துபோகும், நீயே வெட்டு.

யாங் போக்-ரே