பலகையின் மறுபாதி

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததிலிருந்து வீடு கிடங்காகக் கிடக்கிறது. சாப்பாட்டு மேசையை நடுப்பலகை போட்டு நீட்டிவிட்டார் என் வீட்டுக்காரர் ஆம்புரோஸ். பன்னிரண்டு பேர் உட்காரும் மேசை என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்கிற மேசை. இன்று அதன் மேல் பெட்டிகள். வேளாங்கண்ணிக்குப் போகும் எங்கள் கோயில் கூட்டத்துக்கு இந்த வருடமும் இவர்தான் தலைவர். அதனால் ஈப்போவில் உள்ள பெட்டியெல்லாம் எங்கள் வீட்டில்தான் எடை பார்க்கப்படுகிறது.

கூட்டமாகப் போனால் எடை பொது. ஒருத்தர் பெட்டியில் இடம் இருந்தால் இன்னொருத்தர் சாமான் ஏறும். கேட்கக் கூடாது. கேட்டால் அன்பில்லாதவள்.

"திரும்பி வரும்போது என் பெட்டியில் இரண்டு பலகை இருக்கும். யாரும் கை வைக்காதீங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"பலாப் பலகைக்கு இந்தியா போவணுமா? கோப்பெங் போனா நங்கா மரம் சும்மா நிக்குது லா!" என்றார் இவர். எல்லாரும் சிரித்தார்கள். நிற்கிற பலா மரத்தில் கித்தார் செய்ய முடியாது, வருடக்கணக்கில் காய்ந்த மரம் வேண்டும், நம் மலேசிய ஈரத்தில் அது காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? காதில் வாங்கினால்தானே.

பாட்டு டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இரண்டு கித்தார் செய்துவிட்டேன். இரண்டும் பெட்டியில் தயாராக வந்த துண்டுகளை ஒட்டியது. இவர் வாயில் அவை கித்தார் ஆனதே இல்லை. "பெர்னி பலகை ஒட்டுறா" - அவ்வளவுதான். இந்த மூன்றாவது, முதல் துண்டிலிருந்து என்னுடையதாக இருக்கும்.

செப்டம்பர் 6, சனி. வேளாங்கண்ணி

இவர் செபமாலைக் கூட்டத்தில் மைக் பிடித்துக்கொண்டிருக்க, நான் தனியாக வாடகைக் கார் எடுத்துக்கொண்டு பண்ருட்டி போய் வந்தேன். மரக்கடைக்காரர் கொட்டகையின் மூலையிலிருந்து ஒரு பலாக் கட்டையை இழுத்துப் போட்டார். "எங்கப்பா வாங்கிப் போட்டதும்மா. தட்டிப் பாருங்க."

தட்டினேன். சத்தம் விரல் எலும்பில் வந்து கேட்டது.

மரம் அறுக்கிற வாளில் கொடுத்து ஒரே துண்டை நடுவில் பிளந்து, புத்தகத்தைப் போல விரித்துக் காட்டினார். மஞ்சள். இடது பக்கம் ஓடுகிற ரேகை அப்படியே திரும்பி வலது பக்கம் ஓடுகிறது. கித்தாரின் முதுகு இதுதான். இரண்டையும் நடுவில் ஒட்டினால் ஒரே உடம்பு.

மாதாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க நினைத்ததெல்லாம் கையில் இருந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய். திருச்சி விமான நிலையம்

எங்கள் கூட்டத்தில் வந்த கால்வினுடைய அம்மாவைக் கழிவறைக்குக் கூட்டிப்போய்த் திரும்புவதற்குள் பெட்டிகளையெல்லாம் உள்ளே அனுப்பிவிட்டார்கள். நல்லது, ஒரு வேலை மிச்சம்.

செப்டம்பர் 10, புதன். ஈப்போ

ஒரு பலகைதான் இருக்கிறது.

பருத்திச் சேலையில் இரண்டையும் சேர்த்துச் சுற்றி வைத்தேன். சேலை இருக்கிறது. ஒரு பலகை இருக்கிறது. மற்றது இருந்த இடத்தில் மணப்பாறை முறுக்கு, ஒரு டின். நான் வாங்கவில்லை.

"ஏர்போர்ட்ல புடிச்சி எடுத்துட்டாங்க பெர்னி. மரம் கொண்டு போவக் கூடாதாம். நான் எவ்ளோ சண்டை போட்டேன் தெரியுமா?" என்றார். சொல்லும்போது செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

மரம் கூடாது என்றால் இரண்டையும் அல்லவா எடுப்பான்? ஒன்றை மட்டும் எடுத்து, இன்னொன்றைச் சேலையில் பத்திரமாகச் சுற்றி வைக்கிற அதிகாரி எந்த ஊரில் இருக்கிறான்?

செப்டம்பர் 13, சனி

ஞானசேகரம் வீட்டுக்குப் போனேன். பொதுப்பணி இலாகாவில் இன்ஜினியராக இருந்தவர். எனக்கு வந்த பைத்தியம் அவருக்கும் உண்டு. அவர் வீட்டில் காடி வெளியே வெயிலில் நிற்கிறது, கார் நிற்க வேண்டிய கொட்டகையில் எங்கள் இரண்டு பேருடைய பட்டறை.

பலகையைத் தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "மற்றது எங்க டீச்சர்?"

சொன்னேன். பலகையின் வெட்டுப் பக்கத்தை விரலால் தடவினார். அவர் மனைவி கௌரி அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஐயோ, பாதி முதுகோ?" என்றார். அந்த இரண்டு பேருக்காவது போனது என்ன என்று புரிந்தது.

செப்டம்பர் 17, புதன்

இவருடைய தங்கை எல்ஸி வந்தாள், வேளாங்கண்ணிக்கு எங்களோடு வந்தவள். அதே முறுக்கில் ஒரு பங்கு அவளுக்கும் கிடைத்ததாம், நன்றி சொல்ல வந்தாளாம். நானாகக் கேட்கவே இல்லை. அவள் வாயிலிருந்து தானாகவே விழுந்தது.

"பாவம் அண்ணி, அண்ணன் அன்னிக்கு ஏர்போர்ட்ல என்னா டென்ஷன்! ஃபாதருக்கு வாங்குன முறுக்கு டின்னுக்கு இடமே இல்ல. ஒங்க பெட்டியத் தொறந்தாரு. ரெண்டு பலகையும் ஒரே மாதிரி இருக்கே, ஒண்ணு போதாதான்னு ஒண்ண எடுத்து டிராலி மேல வச்சிட்டாரு. அண்ணி கேப்பாங்களேன்னு நான் சொன்னேன். அவ வெளையாட்டுக்குத்தான செய்யறா, ஒண்ண வச்சி ஒட்டிக்குவான்னாரு."

சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்தாள். அந்தச் சத்தம்.

சீ.

ஒரே மாதிரி இருக்கிறதால்தானே ரெண்டும் வேணும்! ஒரு ஜோடி செருப்புல ஒண்ண விட்டுட்டு வருவாரா இந்த மனுஷன்? முக்கால் கிலோ இருக்குமா அந்தப் பலகை? பல் கட்டின ஃபாதருக்கு முறுக்கு!

பலகை போனதைவிட அந்த "வெளையாட்டுக்கு" தான் ஆறமாட்டேன் என்கிறது. போனதற்கு மேல் ஒரு பொய். பொய்க்கு மேல் சண்டை போட்டேன் என்று ஒரு வீரம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று கதை சொல்கிறார். கதை வளர்ந்திருக்கிறது. இப்போது அதில் துப்பாக்கி வைத்த போலீஸ் இரண்டு பேர். "என் சம்சாரத்துக்காக நான் விட்டுக் கொடுக்கல லா!" என்கிறார். கால்வின் இவர் தோளைத் தட்டுகிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார், பக்கத்தில் நின்று பரிமாறுகிறவள் நான்.

எல்ஸி சொல்லிவிட்டாள் என்று காரில் வைத்துக் கேட்டேன்.

"அவளுக்கு என்னா தெரியும்?" என்றார். பிறகு, "ஒரு பலகைக்குப் போயி இவ்ளோவா?" என்றார். பிறகு ரேடியோவைப் போட்டார்.

மன்னிப்பு வேண்டாம். நான்தான் விட்டுவிட்டு வந்தேன் என்று ஒரு தடவை, கதை கேட்ட அந்த ஆட்கள் முன்னால், இவர் வாயால் சொல்ல வேண்டும். அது போதும் எனக்கு.

அக்டோபர் 3, முதல் வெள்ளி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். நற்கருணை வாங்கினார். முகத்தில் அப்படி ஒரு சாந்தம். உள்ளே போய் என்னதான் சொன்னார்? பக்கத்தில் முழங்கால் போட்டு நிற்கவே முடியவில்லை.

அக்டோபர் 4, சனி

செய்துவிட்டேன்.

இவர் தெலுக் இந்தானில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். காலையில் பசியாறிவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த நடுப்பலகை, ரப்பர் மரம். எங்கள் இரண்டு பேர் குடும்பமும் தோட்டத்தில் பால் வெட்டிப் பிழைத்ததே, அதே மரம். கிழட்டு மரத்தை வெட்டினால் மேசை செய்வார்கள். அதை நீட்டி வைத்துத்தான் இவர் தலைமாட்டில் உட்கார்ந்து ஊருக்கு உபதேசம் செய்கிறார்.

கழற்றிக் காடியில் போட்டு ஞானசேகரம் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"டீச்சர், இது துண்டு துண்டா ஒட்டின பலகை. சத்தம் எப்பிடி வரும் எண்டு என்னால சொல்லேலாது" என்றார். "வீட்டில தெரியுமோ?"

"அவர் ஊரிலிருந்து வரும்போது தெரியும்."

வேறு கேட்காமல் அறுக்கிற வாளை ஓட விட்டார். நல்ல மனிதர்.

அக்டோபர் 5, ஞாயிறு

கத்தினார். "மேசைய வெட்டுனியா? பைத்தியமா ஒனக்கு?"

"நாலு பேர் உட்கார மீதி மேசை போதாதா?" என்றேன்.

பிளந்து கிடந்த மேசையைத் தள்ளித் தள்ளி மூடினார். எனக்கு நன்றாக இருந்தது. இருக்கக் கூடாது. இருந்தது.

நவம்பர் 8, சனி

முதுகு ஒட்டியாகிவிட்டது. ஒரு பாதி மஞ்சள், ஒரு பாதி வெளுப்பு. பார்க்கச் சகிக்கவில்லை. இழைக்கும்போது மேசையில் சிந்திய குழம்பு வாசம் வருகிறது, அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. அந்தப் பலா அதன் ஜோடியோடு சேர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காத நாள் இல்லை. இவர் குரல் கேட்டாலே உடம்பு கூசுகிறது. எத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்.

டிசம்பர் 13, சனி

கம்பி மாட்டினோம். பரவாயில்லை. உண்மையில், பரவாயில்லை என்பதற்கு மேலே. ஞானசேகரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

டிசம்பர் 25, வியாழன். கிறிஸ்துமஸ்

வழக்கம்போலக் கூட்டம். எல்ஸி குடும்பம், கால்வினும் அம்மாவும், ஞானசேகரம், கௌரி அக்கா. மேசை நீளவில்லை. பாதிப் பேர் சோபாவில், மடியில் தட்டு. ஆம்புரோஸே படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

சாப்பிட்ட பிறகு நான் கித்தாரை எடுத்து இரண்டு பாட்டு வாசித்தேன். கால்வின் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "என்னா அக்கா, முதுகு ரெண்டு கலரா இருக்கு?"

நான் தட்டுகளை அடுக்கினேன். இவரைப் பார்க்கவில்லை. துப்பாக்கி வைத்த போலீஸ் வருவார்கள் என்று காத்திருந்தேன்.

"மஞ்சள் பண்ருட்டி. வெள்ளை நம்ம மேசை" என்று படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. தட்டைப் படியில் வைக்கிற சத்தம். "போலீஸ் யாரும் எடுக்கல கால்வின். நான்தான் டிராலில வச்சிட்டு வந்தேன். முறுக்குக்காக. சும்மா வெளையாட்டுக்குச் செய்யறான்னு நெனச்சிட்டேன்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்ஸி முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எல்லாரும் கிளம்பிய பிறகு நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். இவர் வாசலில் வந்து நின்றார். இரண்டு கையாலும் பிடித்திருந்தார், கைக்குழந்தையைப் பிடிக்கிற மாதிரி.

"பெர்னி, இந்தக் கித்தார எங்க வைக்கட்டும்?"

பலகை என்று சொல்லவில்லை.

மேசையில் இடமில்லை, கட்டிலில் வைக்கச் சொன்னேன்.