சிவப்பு நூல் கட்டிய முனை

கடலடியில் இறக்கிச் சேறெடுத்த குழாயை நேற்று மறுபடியும் திறந்தேன். அழுகிய முட்டை நாற்றம் அறையெங்கும் பரவியது. ஆழ்கடல் சேற்றின் இந்த வாடை உனக்குப் பிடிக்கும் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு முனையில் நீ கட்டிய சிவப்புப் பட்டு நூல், சாயம் போகாமல் அப்படியே இருக்கிறது.

கப்பலில் குழாய்மேல் எழுதிய மையெல்லாம் உப்புத் தண்ணீரில் அழிந்தபோது, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவு வீட்டிலிருந்து கொண்டுவந்த நூலைப் பையிலிருந்து எடுத்தாய். "எங்க வீட்டுச் சாயம் கடல் தண்ணிக்கும் போவாதுபா" என்றாய். வாந்தியெடுத்துக் களைத்துக் கிடந்த என்னைப் பார்த்து, தாமல் ஏரிச் சேற்றில் வளர்ந்தவனுக்கு இந்தச் சேறு ஒத்துக்கொள்ளவில்லையா என்று கிண்டல் வேறு.

முதல் இரண்டு குழாய்களை நீயே திறந்து பார்த்தாய். மூன்றாவதைத் திறக்க நீ இல்லை. சேற்றில் புதைந்த நுண்ணுயிர்களின், கடுகைவிடச் சிறிய ஓடுகளை அடுக்கடுக்காகப் பொறுக்கி, அவற்றைக் கொண்டு பழைய மழைக்காலங்களை நான் தனியாகத்தான் கணக்கிட்டேன். நூல் கட்டிய முனைதான் மேல்பக்கம், பிந்திய காலம் என்று எடுத்துக்கொண்டேன். மற்ற இரண்டிலும் காலப்போக்கில் மழை பெருகியிருக்க, இதில் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. கடல் குழப்புகிறதா, நான் குழம்பியிருக்கிறேனா என்று தெரியவில்லை. நம் இருவர் பெயரும் சேர்ந்து வரப்போகும் கடைசி அறிக்கை இது. அதில் பிழை இருந்தால் உன் பெயரும் அல்லவா கெடும்?

போன வாரம் காஞ்சிபுரத்துக்குப் போனேன். தறியிலிருந்து அறுத்த சேலையின் ஓரத்தில் உன் மனைவி சிவப்பு நூல் முடிந்துகொண்டிருந்தாள். அது எந்த முனை என்று கேட்டேன்.

"மொதல்ல நெய்ஞ்ச பக்கம்ணா. எங்க வீட்டுல எல்லாரும் இப்படித்தான். அவரும் அங்கதான் கட்டுவாரு."

முதலில் படிந்த சேறு அடியில் அல்லவா இருக்கும்! இத்தனை நாளும் குழாயைத் தலைகீழாக வைத்துப் படித்திருக்கிறேன். எண்களைத் திருப்பிப் போட்டதும் மூன்றும் ஒத்துப்போயின. அறிக்கையை இன்று காலை அனுப்பிவிட்டேன்.

ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து நீ கடைசியாகப் பேசியது? "மூணாவது குழாயப் பாத்து வெய்பா" என்றாய். உன்னளவு நானும் சேறு பார்த்தவன்தான் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். நீ சிரித்துவிட்டுப் போனை வைத்தாய். நூலைப் பற்றித்தான் சொல்ல வந்தாயா, வேலை பாதியில் நிற்கிறதே என்ற கவலையில் பொதுவாகச் சொன்னாயா?

நூலில் ஒரு துண்டை வெட்டிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். குழாயைத் திருப்பி வைத்துவிட்டேன். அந்தப் பேச்சை எந்தப் பக்கம் திருப்பினாலும், கோபித்துக்கொண்ட என் குரல்தான் கேட்கிறது.