ஏழாம் தறியில் அழுதவள்

சென்னை
3-3-2025

அன்புள்ள அக்காவுக்கு,

சசி எழுதுவது. இங்கே நலம். அங்கே மாமாவும் நீயும் சுகம்தானே? யுகேஷ் போனதிலிருந்து நீ போனைத் தொடுவதே இல்லை. மாமாவைக் கூப்பிட்டால், "நல்லா இருக்கறா மாப்ள" என்று வைத்துவிடுகிறார். அதனால்தான் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி பேனா பிடித்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

என் படம் "ஏழாம் தறி" வெள்ளிக்கிழமை வெளியாகிறது. பூட்டிக் கிடக்கும் தறிக்குடோனில் ஏழாவது தறி தானாக ஓடுகிறது. அது நெய்த துணியைப் போர்த்தினால் பாதாள உலகத்துக்குக் கதவு திறக்கும். அங்கே பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பேய் அழுதுகொண்டு திரிகிறாள். இதுதான் கதை. கையில் இருந்ததை வைத்து எடுத்தேன், குறைகள் இருக்கும்.

இங்கே ஆட்களைப் பார்க்க அலைந்துகொண்டிருப்பதால் ஊருக்கு வர முடியாது. நீ மாமாவோடு திருப்பூர் போய்ப் பார்த்துவிட்டு, ஜனங்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எழுது. நண்பர்கள் எல்லாம் "சூப்பர் ஜி" என்று முடித்துவிடுவார்கள். நீதான் பூசி மெழுக மாட்டாய்.

வைகாசியில் என் கல்யாணம், மறந்துவிடாதே. என் பக்கத்தில் இணைச்சீருக்கு உட்காரப்போகிறவள் நீ, சேலை என்ன நிறம் வேண்டுமென்று இப்போதே சொல்.

உன் தம்பி,
சசிகுமார்


மங்கலம்
10-3-2025

அன்புள்ள சசிக்கு,

படம் பார்த்தாயிற்று. கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன்.

பாதாள ராஜா வந்ததும், "கிரீடம் நம்ம நூல் கோன் அட்டைங்க, தங்கப் பெயின்ட் அடிச்சிருக்கறாங்க" என்று ஒருத்தர் கண்டுபிடித்துவிட்டார். பிறகு ராஜா வரும்போதெல்லாம் "கோனு வருதுங்கோ" என்று கத்தினார்கள். பனியன் கம்பெனி டெய்லர் ஒருத்தர், பேயின் நைட்டிக்குத் தோள்பட்டை இறங்குகிறது என்று மனைவியிடம் விளக்கிக்கொண்டிருந்தார். நம் குடோனில் தார்க்குச்சியில் நூல் சுற்றும் சீனியம்மாளையும் கூட்டிப் போயிருந்தேன். "எங்க ஊருப் பக்கம் பேயி இதப் பாத்தா வெக்கத்துல நாண்டுக்கிடும்க்கா" என்றாள். உன் மாமா, தறிச் சத்தம் மட்டும் சரியாக இருந்தது என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். தமிழே தெரியாத ஒடிசாப் பையன்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

இதெல்லாம் உன்னைச் சீண்டுவதற்கு. படம் மோசமானால் என்ன, அடுத்ததை ஒழுங்காக எடுப்பாய்.

ஆனால் பேய் அழுதபோது தியேட்டரே சிரித்தது. "குளுருமே, குளுருமே" என்று அவள் கத்தியதும், "பேய்க்குக் குளுருதாமா, ஏசியக் கொறைங்கப்பா" என்றான் பின்னால் ஒருத்தன். இன்னொருத்தன் அதே மாதிரி அழுது காட்டினான், கைதட்டினார்கள். பக்கத்திலிருந்த அம்மா தன் மகளிடம், "டப்பிங் பேசறவ ஓவராக் கத்தறா. பெத்தவ இப்பிடியா அழுவா?" என்றார்.

சசி, அது என் குரல். யுகேஷைத் தூக்கிக்கொண்டு போனபோது அவன் மேலுக்குச் சட்டை இல்லை. குளிக்க வைத்த ஈரம்கூடக் காயவில்லை. குளிருமே என்று கத்தினேன். காய்ச்சலில் நடுங்கி நடுங்கிச் செத்த பிள்ளை அவன். அந்த அழுகையை எப்போது எடுத்தாய், எதில் எடுத்தாய்? நம் வீட்டு இழவில் நீ போனைப் பிடித்துக்கொண்டா நின்றாய்?

எனக்கு உன்மேல் வருகிற ஆத்திரத்தை எழுதத் தெரியவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தச் சத்தத்தைப் படத்திலிருந்து எடுத்துவிடு. இணைச்சீரில் உட்காருகிற அக்கா, தம்பிக்குப் பிறக்கப்போகும் பெண்ணைத் தன் மகனுக்குக் கேட்டு வைப்பாள். எனக்கு மகன் இல்லை. இருந்தும் உனக்காக மணையில் உட்காரத் துணிந்திருந்தேன். நீ எடுத்தால்தான் உட்காருவேன்.

அக்கா,
சித்ரகலா


சென்னை
16-3-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. கோபித்துக்கொள். ஆனால் நான் சொல்வதையும் கேள்.

தெய்வாத்தாள் பெரியம்மா ஒப்பாரி வைத்தால் ஊரே நின்று கேட்கும் இல்லையா, அதைத்தான் பதிவு செய்யப் போனை எடுத்தேன். நடுவில் உன் குரல் வந்துவிட்டது. படத்துக்கு டப்பிங் பேச வந்த பெண்கள் யாருக்கும் அழவே வரவில்லை. ஒருத்தி விக்கினாள், ஒருத்தி கொட்டாவி விடுவது மாதிரி இருந்தது. அப்போதுதான் இது நினைவுக்கு வந்தது. யுகேஷ் பேரை வெட்டிவிட்டுத்தான் போட்டேன். அன்றைக்கு நீ நினைவே இல்லாமல் கிடந்தாய். உனக்கே அடையாளம் தெரியாது என்று நம்பித்தான் உன்னைப் பார்க்கச் சொன்னேன்.

இப்போது எடுக்க முடியாது அக்கா. படம் தியேட்டர்களுக்குப் போய்விட்டது. அந்த அழுகையை எடுத்தால் பேய்க்கு வேறொன்றும் இல்லை.

ஒரு சந்தேகம். "குளுருமே"வுக்கு எல்லோருமே சிரித்தார்களா? இணையத்திலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். கேவலமான டப்பிங் என்கிறான் ஒருத்தன். எனக்கு வயிறு எரிகிறது. படத்திலேயே உண்மையான ஒரே இடம் அதுதான். நிஜ அழுகை என்று தெரிந்தால் ஒருத்தனும் சிரிக்க மாட்டான். சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

சேலை நிறம் எழுதவில்லையே.

உன் தம்பி,
சசி


மங்கலம்
21-3-2025

சசி,

சொல்லாதே.

எடுக்க முடியாது என்றால் கிடக்கட்டும். குடோனில் கரண்ட் போய்த் தறி நின்றால் பையன்கள் "குளுருமே" என்று கத்துகிறார்கள். உன் மாமா ஒருத்தனை அறைந்துவிட்டார். அவனுக்கு ஏன் அடி விழுந்தது என்றே தெரியாது, பாவம். அவன் சிரித்துவிட்டுப் போகட்டும். நைட்டி போட்ட ஒரு பேயைப் பார்த்துத்தானே சிரிக்கிறான். என்னை அவனுக்குத் தெரியாது, என் பிள்ளையைத் தெரியாது. மட்டமான நடிப்பு என்றே எல்லோரும் நினைக்கட்டும். அதுதான் எனக்கு இப்போது மிச்சம்.

உன் காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள் கண்ணு. இதை மட்டும் செய்தால் பழையதை விட்டுவிடுகிறேன். வைகாசியில் வந்து உட்காருகிறேன். மாம்பழ நிறத்தில் எடு.

அக்கா


சென்னை
14-4-2025

அன்புள்ள அக்காவுக்கு,

சித்திரை வாழ்த்து. முதலில் மன்னித்துவிடு, பிறகு சந்தோஷப்படு.

ஒரு யூடியூப் சேனல் பேட்டியில் சொல்லிவிட்டேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை. அந்த ஆள், "பேய்க்கு டப்பிங் பேசுனது ஆடா?" என்று நக்கலாகக் கேட்டான். தாங்க முடியவில்லை. எங்க அக்காங்க, மகன் செத்தன்னைக்கு அழுதது என்றேன். சொல்லும்போதே நானும் உடைந்து அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகு நடப்பதைக் கேள். "சிரிச்சதுக்கு வெக்கமா இருக்கு" என்று நூற்றுக்கணக்கில் எழுதுகிறார்கள். "ஹெட்போன் போட்டுக் கேட்டேன், புல்லரிச்சுப்போச்சு." "இது நடிப்பில்ல, தாய்." "நிஜச் சாவு ஆடியோன்னு மொதல்லயே சொல்லியிருந்தா தியேட்டர்லயே பாத்திருப்பேனே." "அந்தம்மா நல்லா இருக்காங்களா? ரெண்டாம் பாகத்துக்கும் அழுவாங்களா?" கோவையிலும் ஈரோட்டிலும் மறுபடி திரையிடுகிறார்கள். அடுத்த படத்துக்குப் பணம் போட ஆள் கிடைத்துவிட்டார். எல்லாம் உன்னால்தான். உன்னை யாரும் இனி கேலி செய்ய மாட்டார்கள்.

மாம்பழ நிறச் சேலை எடுத்தாயிற்று. அந்தச் சேனல்காரர்கள் கல்யாணத்துக்கு வருகிறார்கள். இணைச்சீரில் உன்னை ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்வார்கள், பேச வேண்டியதில்லை. குண்டடத்திலிருந்து பெண் வீட்டார் உன்னை நேரில் அழைக்க வருவார்கள்.

உன் அன்புத் தம்பி,
சசிகுமார்


மங்கலம்
27-4-2025

சசிகுமார் அவர்களுக்கு,

குண்டடத்துக்காரர்கள் நேற்று வந்தார்கள். அதற்கு முன்னே வேறு பலர் வந்துவிட்டார்கள். மைக்கோடு வந்த இரண்டு பேர், கேட்டுக்கு வெளியே நின்று, "ஒரே ஒரு தடவை அந்த வார்த்தையச் சொல்லுங்கம்மா" என்று கெஞ்சினார்கள். கடைக்குப் போனால் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்துகிறார்கள். அறை வாங்கிய பையன் வந்து என் காலைத் தொட்டு அழுதான். அவன் சிரித்ததே எனக்கு மேலாக இருந்தது.

பெண்ணின் அம்மா வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டி, "இணைச்சீருக்கு நீங்க வந்து உக்கோரணுங்க" என்றார். இல்லீங்க, சித்தப்பா மகள் வர்ஷினியை உட்கார வையுங்கள் என்றேன். ஏனுங்க என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். நான் வேண்டாமென்று எழுதியதையும் சொன்னேன்.

கல்யாணப் பெண்ணும் வந்திருந்தாள். நல்ல பெண். "நீங்க மயக்கம் போட்டப்பவாச்சும் போனக் கீழ வெச்சாருங்களா?" என்று கேட்டாள். இல்லை கண்ணு என்றேன். என் முகத்தில் தண்ணீர் அடித்தது, டம்ளர் உருண்டது, எல்லாம் படத்தில் கேட்கிறது. அதை நீ பாதாள ஆறு என்று போட்டிருக்கிறாய்.

அவள் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். இன்று காலை உன் மாமாவுக்குப் போன் வந்தது. பெண்ணுக்கு இஷ்டமில்லையாம், பேச்சை இத்தோடு விட்டுவிடலாம் என்றார்களாம். அது உனக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். நான்தான் கெடுத்தேன். எனக்கு வருத்தமில்லை. கேட்டபோது கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

இனி எழுதாதே. வந்தால் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன். நாளைக்கு அப்பாவோ அம்மாவோ போனாலும் நான் வருவேன், நீ இருக்கிற இடத்தில் வாய்விட்டு அழ மாட்டேன்.

நீ பேட்டியில் அழுததைச் சீனியம்மாள் தன் போனில் காட்டினாள். தறியை நிறுத்திவிட்டுக் குடோனில் எல்லோரும் கூடிப் பார்த்தார்கள். படத்தில் ஒருத்தருக்கும் நடிப்பு வரவில்லை, அந்தத் தம்பியையே நடிக்க விட்டிருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சித்ரகலா மகுடேஸ்வரன்