நான்கு ஆமென்களில் தீர்ந்த அஞ்சல் வரம்பு

அனுப்புநர்:
வெர்னெட்டா குவாஷி,
செயலாளர், குருதிக் கொடையாளர் வட்டம்,
வின்ட்வர்ட், கரியாக்கூ.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தீவுகள் பொது மின்னஞ்சல் சேவை,
செயின்ட் ஜார்ஜஸ்.

பொருள்: எங்கள் அஞ்சல்கள் திரும்பி வந்தமை, அதைச் சரிசெய்த அலுவலர் செல்வி அன்செல்மா நோயெல் மீதான குறிப்பாணையை விலக்கிக்கொள்ள வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனுவில் புகாரைவிட நன்றியே அதிகம். புகார் ஒன்றே ஒன்றுதான்; அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2. கடந்த மார்ச் 11 காலை, பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காமல் ஜாய்லின் ஈனோ என்ற எங்கள் ஊர்ப் பெண் மருத்துவமனையில் கிடந்தார். ஓ நெகட்டிவ் ரத்தம் உடனே வேண்டும் என்றார் நர்ஸ். எங்கள் தீவைத் தாக்கிய புயலுக்குப் பிறகு எங்களில் பாதிப் பேருக்குக் கைப்பேசி எண் மாறிவிட்டது. மாறாதது மின்னஞ்சல் முகவரிதான். உறுப்பினர்கள் 214 பேருக்கும் அஞ்சல் அனுப்பினேன். அத்தனையும் திரும்பி வந்தன.

3. தங்கள் அலுவலகத்தை அழைத்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். அது தவறு, மன்னிக்கவும். செல்வி நோயெல் நான் மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்து, திரும்பி வந்த அஞ்சலின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னார். அன்றைய வரம்பான ஆயிரம் அஞ்சல்களும் முடிந்துவிட்டன என்றிருந்தது. காலையில் ரத்ததான முகாம் பற்றி ஒரே ஓர் அறிவிப்புதான் அனுப்பினேன் என்று சாதித்தேன். "அதுல கடைசியா என்ன எழுதினீங்க, மிஸ் வெர்னெட்டா?" என்றார். கடவுள் எல்லோரையும் ஆசீர்வதிக்கட்டும் என்று எழுதியிருந்தேன். "அப்படின்னா எத்தனை பேர் ஆமென் போட்டாங்க?"

4. முப்பத்தொரு பேர், ஐயா. எங்கள் ஊரில் ஆசிக்கு ஆமென் சொல்லாமல் இருப்பது, எதிரே வருபவருக்குக் காலை வணக்கம் சொல்லாமல் போவதைப் போல. எல்லோருக்கும் பதில் என்ற பொத்தானை அழுத்தித்தான் சொல்வார்கள்; மற்றவர்களுக்கும் தெரிய வேண்டுமே! ஒவ்வோர் ஆமெனும் எங்கள் முகவரி வழியாக 214 பேருக்கும் போனதில், நான்காவது ஆமெனிலேயே வரம்பு தீர்ந்துவிட்டது.

5. செல்வி நோயெல் பதில்கள் எனக்கு மட்டும் வரும்படி மாற்றினார். எங்கள் அஞ்சல் எங்களுடையதுதான் என்று பிற சேவைகளுக்கு உறுதி சொல்லும் பதிவு எங்கள் டொமைனில் விடுபட்டிருந்தது, அதையும் சேர்த்தார். அன்றைக்கு மட்டும் வரம்பை உயர்த்தினார். நடந்ததை ஒரு வரியில் சொல்லி மறுபடி அனுப்பினேன்; இருபது நிமிடத்தில் அஞ்சல்கள் போய்ச் சேர்ந்தன.

6. முதலில் வந்தவர் படகு கட்டும் கத்பர்ட் ஸ்டீல், கையில் பெயின்ட் காயாமல். "சீக்கிரம் எடும்மா, நாலாவது ஆமென் நான்தான் போட்டேன்" என்று நர்ஸிடம் கையை நீட்டினார். ஜாய்லின் பிழைத்தார். இப்போது குழந்தையோடு வீட்டில் இருக்கிறார்.

7. இனிப் புகார். தங்கள் எழுத்துமூல அனுமதியின்றி வரம்பை உயர்த்தியதற்காகச் செல்வி நோயெலுக்குக் குறிப்பாணை வந்துள்ளதாக அறிந்து மனம் நொந்தோம். குப்பை அஞ்சல்களைத் தடுக்கவே அந்த விதி என்பது தெரியும். தாங்கள் அப்போது படகில் இருந்தீர்கள். அவர் அழைத்தும் தொடர்பு கிடைக்கவில்லை. அனுமதிக்காக அவர் காத்திருந்தால், ஐயா, இந்த மனுவை வேறு விதமாக எழுதியிருப்பேன்.

ஆகவே, அந்தக் குறிப்பாணையை விலக்கிக்கொள்ளுமாறும், ரத்தம் கேட்கும் அஞ்சல்களுக்கு மட்டும் தினசரி வரம்பிலிருந்து விலக்களிக்குமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அஞ்சலில் இனி ஆமென் போடுவதில்லை என்று வட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றிவிட்டோம். இந்த மனுவை வாசித்துக் காட்டியபோது மட்டும் யாரையும் அடக்க முடியவில்லை. காகிதத்துக்கு வரம்பு கிடையாதே என்று எழுதித் தந்துவிட்டார்கள்.

இடம்: வின்ட்வர்ட்
நாள்: ஏப்ரல் 2

நன்றி மறவாத,
வெர்னெட்டா குவாஷி

இணைப்பு: ஆமென் – 214, கையொப்பங்களுடன். முதல் கையொப்பம் ஜாய்லின் ஈனோ.